வாடகை வருமானத்துக்கு எது சரி: கடனில் ஃபிளாட்டா, பழைய வீடா, சொந்த மனையில் மாடியா, லீசா?

கையில் 25 லட்சம் ரூபாய் சேமிப்பு, மாதா மாதம் சம்பளம், வயது நாற்பதை ஒட்டி. அந்தப் பணத்தை வாடகை தரும் சொத்தாக மாற்ற வேண்டும். சென்னையிலும் புறநகரிலும் பல நடுத்தரக் குடும்பங்களில் இந்தப் பேச்சு ஓடுகிறது. வழக்கமாக அது 'பேங்க் எவ்வளவு லோன் தரும்?' என்ற கேள்வியில்தான் தொடங்கும். வீட்டுக்கு யாரைக் குடிவைப்பது, மோட்டார் பழுதானால் யார் போய்ப் பார்ப்பது என்பதெல்லாம் பத்திரப் பதிவு முடிந்த பிறகுதான் பேச்சுக்கு வரும்.

கடனையும் பராமரிப்பையும் இப்படிப் பிரித்து முடிவு செய்வதுதான் பல குடும்பங்களை நெருக்கடியில் கொண்டுபோய் விடுகிறது என்பது என் உறுதியான கருத்து. இஎம்ஐக்கும் வாடகைக்கும் நடுவே எவ்வளவு துண்டு விழுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். நாம் குடியிருக்கும் வீட்டுக்கும் வாடகைக்கு விடும் வீட்டுக்கும் எவ்வளவு தூரம் என்பதைக் கூடவே பார்க்க வேண்டும். துண்டும் பெரிது, தூரமும் அதிகம் என்றால் அந்தச் சொத்து ஒவ்வொரு மாதமும் உங்களை இழுத்தடிக்கும். ஆகவே ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டையும் வைத்தே பார்க்கிறேன்.

கணக்குக்காகச் சிலவற்றை எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துக்கொள்வோம். வீட்டுக்கடன் வட்டி 8.5 சதவீதம். 20 ஆண்டுக் கடன் என்றால் ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய் இஎம்ஐ. ஆண்டுக்கு 11 மாத வாடகைதான் கைக்கு வரும், ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும். விலையும் வாடகையும் ஏரியாவுக்கு ஏரியா மாறும். நான் எழுதியிருப்பவை எடுத்துக்காட்டுக்கான தொகைகள். உங்கள் தெருவின் தொகையைப் போட்டு நீங்களே ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

வங்கி தரும் முழுக் கடனில் 70 லட்சத்து ஃபிளாட்

மேடவாக்கம், பெரும்பாக்கம் பக்கம் 70 லட்சத்துக்கு ஒரு இரண்டு படுக்கையறை மறுவிற்பனை ஃபிளாட் என்று வைத்துக்கொள்வோம். கட்டிக்கொண்டிருக்கும் திட்டத்தில் வாங்கினால் ஜிஎஸ்டி சேரும், சாவி கைக்கு வரும்வரை வாடகையும் வராது. அதனால் முடிந்த வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனில் சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரை வங்கி தரலாம். அதாவது 56 லட்சம். மீதி 14 லட்சம் உங்களுடையது. தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இந்த 9 சதவீதத்தை வங்கி சொத்து மதிப்போடு சேர்ப்பதில்லை, ஆகவே அந்த 6.3 லட்சமும் உங்கள் பையிலிருந்துதான் போகும். புரோக்கர் கமிஷன், பெயின்ட், சில்லறை வேலைகள் எல்லாம் சேர்த்தால் கைக்காசு சுமார் 22 லட்சம். வீட்டின் மொத்த அடக்கவிலை 78 லட்சம்.

இஎம்ஐ சுமார் 48,600 ரூபாய். வாடகை 18,000. 11 மாத வாடகையில் சொத்து வரியும் பழுதுபார்ப்பும் போக ஆண்டுக்கு 1.78 லட்சம் நிற்கும். 78 லட்சத்துக்கு அது 2.3 சதவீதம்கூட முழுதாக இல்லை. இஎம்ஐக்கு ஆண்டுக்கு 5.83 லட்சம் கட்ட வேண்டும். மாதம் ஏறக்குறைய 34,000 ரூபாய் சம்பளத்திலிருந்து போய்க்கொண்டே இருக்கும்.

'விலை ஏறுமே' என்பார்கள். சரி, அதையும் கணக்கில் எடுப்போம். விலை ஆண்டுக்கு 5 சதவீதம், வாடகை வருமானமும் 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்தால் 10 ஆண்டுகளில் ஃபிளாட்டின் விலை 114 லட்சம். அப்போது கடனில் இன்னும் 39 லட்சம் பாக்கி இருக்கும். 2024 ஜூலை 23க்குப் பின் வாங்கிய வீட்டுக்கு விற்கும்போது வரும் லாபத்துக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் காட்டும் சலுகை கிடையாது. வரி, கமிஷன், கடன் பாக்கி எல்லாம் போகக் கையில் நிற்பது சுமார் 69 லட்சம். அதற்காக நீங்கள் போட்டது தொடக்கத்தில் 22 லட்சம், பிறகு 10 ஆண்டுகளில் துண்டு விழுந்த 36 லட்சம், மொத்தம் 58 லட்சம். பத்தாண்டு உழைப்புக்கு இந்தக் கூடுதல், வங்கி வைப்பு நிதி தருவதைவிடவும் குறைவு. வட்டிக்குக் கொடுத்ததாவது திரும்பி வந்தது என்று சொல்வதற்கே விலை ஆண்டுக்கு 8 சதவீதம் வீதம் பத்து ஆண்டும் விடாமல் ஏற வேண்டும். சில ஏரியாக்களில், சில காலங்களில் அப்படி ஏறியது உண்டு. ஆனால் ஃபிளாட்டில் கட்டடத்தின் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு தேயும். ஏறுவது யூடிஎஸ் எனப்படும் பிரிபடாத மனைப் பங்கின் மதிப்புதான். உயரமான அடுக்குகளில் அந்தப் பங்கு மிகக் கொஞ்சம்.

அடுத்து 'டாக்ஸ் மிச்சம்' என்பார்கள். இந்த வாதம் பலருக்கு இப்போது செல்லாது. பழைய வரி முறையில் வாடகை வீட்டின் வட்டியால் வரும் நஷ்டத்தில் 2 லட்சம் வரை சம்பள வருமானத்திலிருந்து கழிக்கலாம், மீதியை 8 ஆண்டுகளுக்கு முன்னெடுத்துச் செல்லலாம். புதிய முறையில் வாடகைக்கு எதிராக வட்டியைக் கழிக்கலாம், 30 சதவீத நிலையான கழிவும் உண்டு. ஆனால் மிஞ்சும் நஷ்டத்தைச் சம்பளத்திலிருந்து கழிக்க முடியாது. நம் கணக்கில் முதல் ஆண்டு வட்டி மட்டும் 4.7 லட்சம். வாடகைக்கு வரி வராது, அவ்வளவுதான் லாபம். பெரும்பாலான சம்பளக்காரர்கள் இன்று புதிய முறையில் இருக்கிறார்கள். மனைவி பெயரில் வாங்கிவிட்டால் வரி குறையும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. கணவர் பணத்தில் வாங்கியிருந்தால் அந்த வாடகை கணவர் வருமானத்தோடுதான் சேர்க்கப்படும்.

இந்த வழியில் எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. ஓஎம்ஆரில் ஐடி வேலை பார்ப்பவர், அதே ஓஎம்ஆரில் 80 சதவீதக் கடனில் ஃபிளாட் வாங்கி, இன்னொரு ஐடி ஊழியருக்கு வாடகைக்கு விடுகிறார். சம்பளமும் வாடகையும் ஒரே தொழிலை நம்பி நிற்கின்றன. 2020இல் அலுவலகங்கள் மூடி எல்லோரும் சொந்த ஊரிலிருந்தே வேலை பார்த்தபோது அந்தச் சாலையில் வீடுகள் காலியாகின. வேலை போகும் காலமும் குடித்தனக்காரர் போகும் காலமும் ஒன்றாக வந்தால் 48,600 ரூபாயை யார் கட்டுவது? வட்டியும் நம் கையில் இல்லை. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள், வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் ரெப்போ விகிதம் 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்குப் போனது. பிறகு 2025இல் குறைந்தது உண்மைதான். ஆனால் ஏறிய காலத்தில் பலருக்குக் கடன் முடியும் தேதி ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது.

வாடகை தாங்கும் கடன் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது எளிது. செலவு போக மாதம் கிடைக்கும் தொகையை 868 ஆல் வகுத்தால் எத்தனை லட்சம் என்று தெரிந்துவிடும். இந்த ஃபிளாட்டுக்கு 14,800 ரூபாயை வகுத்தால் 17 லட்சம். வங்கி தரத் தயாராக இருப்பதோ 56 லட்சம். வங்கி உங்கள் சம்பளத்தைப் பார்த்துக் கடன் தருகிறது. நீங்கள் வாடகையைப் பார்த்துக் கடன் வாங்குங்கள்.

பாதிக்கும் குறைவான கடனில் பழைய வீடு

அம்பத்தூர், மேற்குத் தாம்பரம், குரோம்பேட்டை போன்ற பழைய குடியிருப்புப் பகுதிகளில் 38 லட்சத்துக்கு ஒரு பழைய ஃபிளாட் அமைந்தால் பதிவுச் செலவு, பழுது எல்லாம் சேர்த்து 43 லட்சம். வாடகை 12,000. பராமரிப்பும் வெற்று மாதமும் போக ஆண்டுக்கு 1.12 லட்சம், அதாவது 2.6 சதவீதம். வருமான விகிதத்தில் புது ஃபிளாட்டைவிடப் பெரிதாக எதுவும் கூடவில்லை. ஆனால் 25 லட்சம் கைக்காசு போட்டால் கடன் 18 லட்சத்தில் நின்றுவிடும். இஎம்ஐ 15,600, மாதத் துண்டு 6,300. ஒரு குடும்பம் இதைத் தாங்கும். ஆண்டு போனஸிலிருந்து ஒரு லட்சம் கூடுதலாகக் கட்டிவந்தால் 20 ஆண்டுக் கடன் சுமார் 9 ஆண்டுகளில் முடியும். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டியே அடைக்க வங்கி அபராதம் வசூலிக்கக்கூடாது.

சின்ன அடுக்குகளில் பிரிபடாத மனைப் பங்கும் தாராளமாக இருக்கும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022இல் இயற்றப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்தது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட அது வழி செய்கிறது. ஒரே ஒருவர் மறுத்ததால் எல்லோரும் முடங்கிக் கிடந்த காலம் மாறுகிறது. அதனால் பழைய ஃபிளாட்டின் மனைப் பங்குக்கு முன்பைவிட மதிப்பு கூடும் என்று நம்புகிறேன். கட்டடம் முப்பது ஆண்டைத் தாண்டியிருந்தால் மட்டும் கவனம் வேண்டும். வங்கி கடன் தரத் தயங்கும், குழாயும் ஒயரிங்கும் செலவு வைக்கும். வெள்ளமும் பார்க்க வேண்டிய ஒன்று. 2015 டிசம்பரிலும் 2023இல் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் நின்ற தெருவா என்று அக்கம்பக்கத்தில் விசாரிக்காமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சொந்த மனையில் மாடி

நான் மனதார ஆதரிக்கும் வழி இது. தனி வீடு இருக்கிறது, தரைத்தளம் மட்டும் கட்டியிருக்கிறது என்றால் வாடகைக்கென்று இன்னொரு மனையைத் தேடிப்போக அவசியமே இல்லை. சென்னையில் எந்த வீட்டிலும் பெரும்பங்கு விலை மனைக்குத்தான். மாடி கட்டும்போது அந்த விலையை மறுபடி கொடுக்க வேண்டாம், 9 சதவீதப் பதிவுச் செலவும் இல்லை.

900 சதுர அடி மாடி, சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்றால் 22.5 லட்சம். வெளிப்படிக்கட்டு, வரைபட அனுமதி, தனி ஈபி இணைப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் சேர்த்து 25 லட்சம். அதை ஒரு படுக்கையறை கொண்ட இரண்டு போர்ஷனாகப் பிரித்துத் தலா 9,000க்கு விட்டால் மாதம் 18,000. செலவும் வெற்று மாதமும் போக ஆண்டுக்கு 1.80 லட்சம், அதாவது 7 சதவீதத்துக்கு மேல். 78 லட்சத்து ஃபிளாட் தந்த அதே வாடகையை 25 லட்சம் தருகிறது.

கையிலுள்ள 25 லட்சத்தையும் இதில் கொட்டவும் வேண்டாம். 13 லட்சம் கைக்காசு, 12 லட்சம் கடன், தவணை 10 ஆண்டு. இஎம்ஐ 14,900. செலவு போக வாடகை மாதம் 15,000. பையிலிருந்து ஒரு ரூபாய்கூடப் போகாமல் பத்து ஆண்டில் கடன் தீரும். மீதி 12 லட்சம் பிள்ளைகளின் படிப்புக்கோ அவசரத்துக்கோ கையிலேயே இருக்கும். இரண்டு போர்ஷன் என்பதால் ஒன்று காலியானாலும் இன்னொன்றின் வாடகை வந்துகொண்டிருக்கும். அந்த மாதம் இஎம்ஐக்குச் சுமார் 5,900 ரூபாய் கைக்காசு போட வேண்டியிருக்கும், அவ்வளவே. இதுபோல் வீட்டை விரிவாக்கவும் வங்கிகள் வீட்டுக்கடனாகவே தருகின்றன, ஆனால் அனுமதி பெற்ற வரைபடம் கட்டாயம்.

இதில் தடுக்கி விழும் இடங்களும் உண்டு. அடித்தளம் ஒரு மாடியைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். மொட்டை மாடியில் கம்பி நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து மேஸ்திரி சொல்லும் வார்த்தை போதாது. தூண்கள் இல்லாமல் சுவரிலேயே நிற்கும் பழைய வீடுகளில் இந்த ஆசையை விட்டுவிடுவதே நல்லது. அனுமதியில்லாமல் எழுப்பிய தளத்துக்குக் கடன் கிடைக்காது, மின் இணைப்பிலும் சிக்கல் வரும், பின்னாளில் விற்கப் போனால் வாங்குபவரின் வங்கி அந்தத் தளத்தை மதிப்பிலேயே சேர்க்காது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய சிக்கல் மனை யார் பெயரில் இருக்கிறது என்பது. அப்பா பெயரில் உள்ள மனையில் மூத்த மகன் தன் சம்பாத்தியத்தில் மாடி கட்டுகிறார். எல்லோருக்கும் அதில் சந்தோஷம்தான். அப்பா காலமானதும் தங்கையும் தம்பியும் பங்கு கேட்கிறார்கள். கேட்பது அவர்கள் உரிமை. மாடிக்குப் போட்ட பணத்துக்கு மகனிடம் ஒரு துண்டுச் சீட்டும் இருக்காது. அப்பா இருக்கும்போதே எல்லோரையும் உட்காரவைத்துப் பேசி, செட்டில்மென்ட் பத்திரமோ பாகப்பிரிவினையோ எழுதிப் பதிந்த பிறகு முதல் செங்கல்லை வையுங்கள். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் 40,000 ரூபாய் உச்சவரம்பு உண்டு. உடன்பிறந்தவர்களோடு பேச்சுவார்த்தை அற்றுப்போவதோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை.

லீசு அல்லது ஒத்தி

சென்னையில் லீசு, தென்மாவட்டங்களில் ஒத்தி, வடக்கே போக்கியம். மாத வாடகை கிடையாது. குடிவருபவர் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று ஆண்டு இருப்பார். காலி செய்யும்போது தொகை முழுதும் திரும்ப வேண்டும். சொத்து வாங்கக் கடன் போதாதபோது 'லீசுக்கு விட்டு அந்தப் பணத்தைக் கட்டிவிடலாம்' என்று வீட்டுக்காரர்கள் நினைக்கிறார்கள். குடிவருபவரிடமே கடன் வாங்குவது என்பதால் இதை நிதி திரட்டும் வழியாகவே பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் வட்டி என்ன? 18,000 ரூபாய் வாடகை வரக்கூடிய வீட்டை 12 லட்சத்துக்கு லீசுக்கு விட்டால், ஆண்டுக்கு விட்டுக்கொடுக்கும் வாடகை 2.16 லட்சம். 12 லட்சத்துக்கு அது 18 சதவீத வட்டி. தொகையை 15 லட்சமாக உயர்த்தினாலும் 14.4 சதவீதம். வீடு காலியாகக் கிடக்கும் மாதங்களைக் கழித்துப் பார்த்தாலும் 8.5 சதவீத வீட்டுக்கடனுக்குப் பக்கத்தில் இது வராது. வெளியே மூன்று வட்டிக்கு வாங்கியவர், அதை அடைக்க வேறு வழியில்லாமல் இப்படிச் செய்தால் புரிந்துகொள்ளலாம். முதலீடு என்று நினைத்து இதைச் செய்யக்கூடாது.

குடிவருபவரின் நிலைமை இன்னும் மோசமாக முடியக்கூடும். வாடகை மிச்சம் என்று நம்பி, நகையை விற்றும் பிஎஃப் பணத்தை எடுத்தும் கொண்டுவந்து கொடுப்பவர்கள் அதிகம். அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருக்கும். வீட்டுக்காரர் இஎம்ஐ கட்டத் தவறினால் 2002ஆம் ஆண்டு சர்பாசி சட்டப்படி வங்கி சிவில் வழக்குப் போடாமலேயே வீட்டைக் கையகப்படுத்தி ஏலம் விடலாம். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கையெழுத்து மட்டும் போட்ட லீசு ஒப்பந்தம் அப்போது கை கொடுக்காது. மூலப் பத்திரத்தை ஒப்படைத்து வைக்கும் அடமானம் தவிர, 100 ரூபாயும் அதற்கு மேலுமான அடமானம் பதிவு செய்த பத்திரத்தால்தான் செல்லும் என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டம். லீசுக்கு விட்டே ஆக வேண்டும் என்றால் பத்திரத்தைப் பதியுங்கள், வங்கிக் கடன் இருப்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள், தொகையை வங்கி வழியாக வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடனோ டெபாசிட்டோ வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. ஒரு குடும்பத்தின் மொத்தச் சேமிப்பை வாங்கி வைத்துக்கொண்டு அதற்கு எந்தப் பாதுகாப்பும் தராமல் இருப்பது நியாயமில்லை.

குடியிருக்கும் வீட்டை அடமானம் வைத்து இன்னொரு வீடு வாங்கும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வட்டி வீட்டுக்கடனைவிடக் கூடுதல், தவணைக் காலம் குறைவு, தவறினால் போவது தலைக்கு மேலிருக்கும் கூரை. நகைக்கடன் வைத்து முன்பணம் கட்டுவதும் அப்படித்தான். குறுகிய காலக் கடனை இருபது ஆண்டுச் சொத்தில் போடக்கூடாது.

வீடே வேண்டாம், வாடகை மட்டும் போதும் என்பவர்களுக்கு ரெய்ட் எனப்படும் பங்குச் சந்தை வழி இருக்கிறது. பலரிடம் பணம் திரட்டி, வாடகை வரும் பெரிய கட்டடங்களை வைத்திருக்கும் அறக்கட்டளை அது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி 2014இல் இதற்கு விதிமுறை வகுத்தது, 2019இல் எம்பசி ரெய்ட் முதலில் சந்தையில் பட்டியலிடப்பட்டது. வடபழனியில் உள்ள நெக்சஸ் விஜயா மால் இப்படிப்பட்ட ஒரு ரெய்ட்டின் கையில்தான் இருக்கிறது. பகிர்ந்தளிக்கத்தக்க பணத்தில் 90 சதவீதத்தை முதலீட்டாளருக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு யூனிட்கூட வாங்கலாம், வேண்டாமென்றால் விற்கலாம். பிராக்கெட் போட்டு மின்விசிறி மாட்டும் வேலையெல்லாம் கிடையாது. விலை சந்தையோடு ஏறும், இறங்கும். வெளியூர்க்காரர், கையில் நேரமே இல்லாதவர் தொலைதூரத்தில் ஃபிளாட் வாங்கித் தவிப்பதைவிடச் சேமிப்பில் ஒரு பங்கை இதில் வைப்பது மேல் என்பேன்.

யார் பார்த்துக்கொள்வது?

மேலே மாடி, கீழே நாம் என்றால் பராமரிப்பு என்று தனியாக ஒரு செலவு இல்லை. டு-லெட் போர்டு மாட்டினால் போதும், புரோக்கருக்கு ஒரு மாத வாடகை கொடுக்க வேண்டியதில்லை. சம்ப்பில் தண்ணீர் குறைந்தால் நமக்கும் சேர்த்தே தெரியும். ஆனால் ஒரே வளாகத்தில் இருப்பதால் வரும் உரசல்களும் உண்டு: இரவு கேட் பூட்டும் நேரம், வண்டி நிறுத்தும் இடம், மின்கட்டணம். கடைசி உரசலை முதலிலேயே தவிர்த்துவிடலாம். ஒவ்வொரு போர்ஷனுக்கும் மின்வாரியத்தின் தனி மீட்டர் வாங்கிக் கொடுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது குடித்தனக்காரருக்கும் உரியது. சப்-மீட்டர் போட்டு யூனிட்டுக்கு இஷ்டப்பட்ட விலை வாங்குவதால் நல்ல குடித்தனங்கள் நிலைப்பதில்லை.

அரை மணி நேரத் தொலைவில் பழைய ஃபிளாட் என்றாலும் நாமே பார்த்துக்கொள்ளலாம். நம்பகமான ஒரு பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் போனில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. தூரம் ஊர்விட்டு ஊராகும்போதுதான் நிலைமை மாறுகிறது. உறவினரிடம் பொறுப்பை விட்டால் கணக்குக் கேட்கக் கூச்சம். நிர்வாக நிறுவனத்திடம் விட்டால் வாடகையில் ஒரு பங்கு கட்டணமாகப் போகும். இஎம்ஐக்கே 34,000 துண்டு விழும் ஃபிளாட்டில் இந்தக் கட்டணமும் சேரும். பிஜி விடுதி நடத்துபவருக்கு மொத்தமாக மூன்று ஆண்டுக்கு விட்டால் மாதம் தவறாமல் ஒரே கையிலிருந்து பணம் வரும், வாடகையும் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் இரண்டு படுக்கையறையில் எட்டுப் பேர் இருந்தால் குழாய், கழிவறை, சுவர் எல்லாம் வேகமாகத் தேயும், அசோசியேஷனும் சண்டைக்கு வரும். பெண்கள் விடுதி என்றால் 2014ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் கூடுதலாக இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, வீட்டுக்காரர் என்ஆர்ஐ என்றால் வாடகை எவ்வளவு சிறிதானாலும் குடியிருப்பவர் 31.2 சதவீதம் டிடிஎஸ் பிடித்துக் கட்ட வேண்டும். பலருக்கு இது தெரியாது, தெரிந்தவர்கள் அந்த வீடே வேண்டாம் என்று போய்விடுகிறார்கள். குறைந்த விகிதத்துக்கு வருமான வரித்துறையிடம் சான்று வாங்கலாம், ஆனால் அதற்கு ஆடிட்டர் துணை வேண்டும். இரண்டாவது, ஆபத்தானது. வீட்டுக்காரரிடம் மாத வாடகைக்கு எடுத்து, அவருக்குத் தெரியாமலேயே வேறொரு குடும்பத்திடம் லீசுத் தொகை வாங்கிக்கொண்டு, சில மாதம் ஒழுங்காக வாடகை அனுப்பிவிட்டுத் தலைமறைவாகும் மோசடி சென்னையில் நடந்திருக்கிறது. வீட்டுக்காரர் ஒரு பக்கம் நிற்பார், பணத்தைப் பறிகொடுத்த குடும்பம் மறுபக்கம் நிற்கும். பவர் கொடுப்பதானால் வாடகை வசூல், ஒப்பந்தக் கையெழுத்து, பழுதுபார்ப்பு என்று எல்லை குறித்துப் பதியுங்கள். விற்கவோ அடமானம் வைக்கவோ லீசுத் தொகை வாங்கவோ அதிகாரம் இல்லை என்பதையும் அதிலேயே எழுதுங்கள். குடியிருப்பவரின் போன் நம்பர் உங்களிடம் நேரடியாக இருக்கட்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது வீடியோ அழைப்பில் அவரோடு பேசுங்கள்.

ஒப்பந்தத்தைப் பொறுத்தவரை 11 மாதத்துக்கு எழுதி அலமாரியில் வைக்கும் பழக்கம் இனி போதாது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குபடுத்தும் சட்டப்படி, காலம் எவ்வளவானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. இரண்டு மாத வாடகை பாக்கி வெளியேற்றக் கோருவதற்கு ஒரு காரணம். பதிந்த ஒப்பந்தம் இல்லாமல் வாடகை நீதிமன்றத்துக்குப் போவது வீண் அலைச்சல்.

அந்த அட்வான்ஸ் தொகையை மகளின் கல்யாணத்துக்கோ வண்டி வாங்கவோ எடுத்துவிட்டு, குடித்தனக்காரர் காலி செய்யும்போது அடுத்தவரிடம் அட்வான்ஸ் வாங்கித்தான் கொடுப்பேன் என்று இழுப்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. இது தவறு. ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடன் வைத்திருப்பவர்கள் அந்தத் தொகையைக் கடன் கணக்கிலேயே போட்டு வைக்கலாம். அதுவரை வட்டி குறையும், காலி செய்யும் நாளில் எடுத்துக் கொடுத்துவிடலாம். ஒப்பந்தம் சித்திரை, வைகாசியில் முடிவதுபோல் எழுதுங்கள். பள்ளி மாற்றத்துக்காகக் குடும்பங்கள் வீடு தேடும் காலம் அது. ஆனி கடைசியில் வீடு காலியானால் ஆடி முழுக்கப் பால் காய்ச்ச யாரும் வரமாட்டார்கள், மார்கழியிலும் அதே கதைதான். இதைக் கவனித்து எழுதிவிட்டால் நம் கணக்கில் ஒதுக்கி வைத்த அந்த ஒரு மாத வாடகை பல ஆண்டுகளில் கைக்கே வந்துவிடும்.